கால்வரை இறங்கிய ரத்தம் மேலே ஏறுவது எப்படி?

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக ஓர் அம்மா கேட்ட கேள்வி இது: "இதயம் ரத்தத்தைக் கால்வரைக்கும் தள்ளுது, சரி. அங்கேயிருந்து மேலே யார் தள்ளுறது? கால்ல ஒரு மோட்டார் இல்லையேன்னு கேக்குறா. புத்தகத்துல தேடிப் பார்த்தோம், கிடைக்கல. கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க."

ரத்த ஓட்டம் என்றாலே எல்லோரும் போகிற வழியைத்தான் பேசுவோம். திரும்பி வருகிற வழியைக் கேட்பவர்கள் குறைவு. உங்கள் மகள் கேட்டிருக்கிறாள். எனக்கு இதில் தனிச் சந்தோஷம், ஏனென்றால் என் பிழைப்பே திரும்பி வரும் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். இதய அறுவை சிகிச்சையின்போது இதயத்தையும் நுரையீரலையும் சிறிது நேரம் நிறுத்திவிட்டு, இரண்டின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைப்பார்கள். அதை ஓட்டுகிறவர்களுக்குப் பெர்ஃப்யூஷனிஸ்ட் என்று பெயர். அந்த நாற்காலியில் இருபது வருடத்துக்கும் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

சுருக்கமான பதில்: காலில் மோட்டார் இருக்கிறது. கெண்டைக்கால் தசைதான் அது. ஆனால் அந்த மோட்டார் எதற்கு வேண்டியிருக்கிறது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அதனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன்.

எங்கள் இயந்திரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் குழாய்களுக்குச் சிரை என்று பெயர். நோயாளியின் இதயத்துக்கு வந்து சேரும் பெரிய சிரைகளில் குழாய் போட்டு, ரத்தத்தை வெளியே இறக்குவோம். பெரும்பாலும் இதற்குப் பம்ப் கிடையாது. ஆபரேஷன் டேபிள் உயரத்தில் இருக்கும், எங்கள் ரிசர்வாயர் தொட்டி அதற்கு அரை மீட்டர் போலக் கீழே இருக்கும். ரத்தம் தானாக வழிந்து இறங்கும். தொட்டியிலிருந்து பம்ப் எடுத்து, செயற்கை நுரையீரல் வழியாக அனுப்பி, ஆக்சிஜன் ஏற்றி, இதயத்திலிருந்து உடம்புக்குக் கிளம்பும் பெரிய குழாயான பெருந்தமனிக்குள் திருப்பிச் செலுத்தும். 1953-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் என்ற அறுவை நிபுணர் 18 வயதுப் பெண் ஒருவருக்கு இப்படிச் செய்து வெற்றி கண்டார். இயந்திரம் இன்று எவ்வளவோ மாறிவிட்டது. அடிப்படை அதேதான்.

பார்க்க வருகிற மாணவர்கள் சுழல்கிற பம்பையே வாயைப் பிளந்து பார்ப்பார்கள். நாங்கள் பார்ப்பது தொட்டியின் மட்டத்தை. சராசரி உடல்வாகு உள்ள ஒருவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர் ஓட்டுகிறோம் என்று வையுங்கள். தொட்டியில் அரை லிட்டர் இருக்கும்போது வரத்து நின்றுபோனால், எட்டு விநாடிக்குள் தொட்டி காலி. அதற்கு மேலும் பம்ப் சுற்றினால் காற்றை இழுத்து நேரே மூளைக்கு அனுப்பிவிடும். ஆகவே மட்டம் இறங்கினால் முதலில் பம்பின் வேகத்தைக் குறைப்போம். அப்புறம், "டேபிளைக் கொஞ்சம் தூக்குங்க சார்" என்போம், அல்லது குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று கேட்போம். பம்ப் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், வருவதற்கு மேல் ஒரு சொட்டுகூட அதனால் அனுப்ப முடியாது. உங்கள் மார்புக்குள் இருக்கும் இதயத்துக்கும் இதே கதிதான்.

இப்போது கேள்விக்கு வருவோம். "ரத்தம் மேலே ஏற வேண்டும்" என்று சொல்லும்போது நம் மனதில் ஓடுவது மொட்டைமாடித் தொட்டி. கீழே சம்ப், மேலே டேங்க், நடுவில் மோட்டார். அந்தப் படம் இங்கே பொருந்தாது. மொட்டைமாடிக் குழாயிலிருந்து விழுகிற தண்ணீர் காற்றில் விழுந்து, சாக்கடையில் போய்விடுகிறது. உடம்பில் ரத்தம் எங்கேயும் வெளியே விழுவதில்லை. குழாய் எங்கும் அறுபடாமல் இதயத்தில் ஆரம்பித்து இதயத்திலேயே முடிகிறது.

பொருத்தமான படம் வேண்டுமென்றால் கொத்தனாரிடம் போங்கள். மட்டம் பார்க்க ஒரு நீளமான டிரான்ஸ்பரன்ட் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறு முனையை அந்தச் சுவரிலும் பிடிப்பார். நடுவில் டியூப் தரைவரை தொங்கும். ஆனாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கீழே தொங்கும் தண்ணீரை யாரும் மேலே தூக்கவில்லை. இந்தப் பக்கத் தண்ணீரின் எடையே அந்தப் பக்கத் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. இந்த முனையில் மெல்ல ஊதினால் போதும், அந்த முனையில் தண்ணீர் ஏறும். உங்கள் காலும் அப்படித்தான். ரத்தத்தைக் கீழே கொண்டுபோகும் தமனி ஒரு கை, மேலே கொண்டுவரும் சிரை மறு கை, பாதம் கீழே தொங்கும் வளைவு.

எண்ணாகவும் சொல்லிவிடுகிறேன். படுத்திருக்கும்போது தமனியில் சராசரி அழுத்தம் 93 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும் (120/80 என்று எழுதுகிறார்களே, அதன் சராசரி). பாதத்துச் சிரையில் பத்தோ அதற்கும் கீழோ. எழுந்து நின்றால் இதயத்துக்கும் பாதத்துக்கும் இடையே சுமார் 120 சென்டிமீட்டர் ரத்தத் தூண் நிற்கிறது. அதன் எடை 90 மில்லிமீட்டருக்கு மேல் வரும். அது தமனியிலும் கூடும், சிரையிலும் கூடும். தமனியில் 183, சிரையில் 100. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாறவே இல்லை. ரத்தத்தை ஓடவைப்பது அந்த வித்தியாசம்தான். ஆக, கால் ரத்தத்தைத் தூக்குவதற்கென்று இதயம் கூடுதலாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

அப்படியானால் கெண்டைக்கால் மோட்டார் எதற்கு? கொத்தனாரின் டியூப் விறைப்பானது. நம் சிரைகள் அப்படி இல்லை, அவை பலூன் ஜாதி. நூறு மில்லிமீட்டர் அழுத்தம் உள்ளே ஏறினால் விரிந்துகொடுக்கும். தமனியின் சுவர் தடித்தது, தசை நிறைந்தது. சிரையின் சுவர் மெல்லியது. படுத்திருக்கிற சாதாரண நேரத்திலேயே உடம்பின் ஐந்து லிட்டர் ரத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு சிரைகளில்தான் இருக்கும். இதயமும் தமனிகளும் சேர்ந்து வைத்திருப்பது அதைவிட மிகக் குறைவு. சிரையை வெறும் திரும்பு பாதை என்று நினைக்காதீர்கள், அதுதான் உடம்பின் ஏரி. ரத்த தானத்தில் 350 மில்லி எடுத்த பிறகும் பெரும்பாலானோர் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு நடந்து போகிறார்களே, அந்த ஏரி கொஞ்சம் சுருங்கிக்கொண்டு கணக்கைச் சரிக்கட்டுவதால்தான்.

இந்த ஏரி கால்பக்கம் சாய்ந்தால்தான் சிக்கல். ஆடாமல் அசையாமல் நின்றால் அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் கால் சிரைகளில் போய்த் தங்கிவிடும். தொலைந்துபோகவில்லை, குழாய்க்குள்ளேதான் இருக்கிறது. ஆனால் இதயத்துக்கு வரவேண்டிய நேரத்துக்கு வருவதில்லை. எங்கள் ரிசர்வாயர் மட்டம் இறங்குவது போல. நேரம் போகப் போக, விரிந்த சிரைகளுக்குப் பின்னால் உள்ள தந்துகிகள் என்னும் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காலுக்குள் இறங்க ஆரம்பிக்கும். பள்ளிக்கூட பிரேயரில் வெயிலில் நின்ற பிள்ளை தொப்பென்று விழுவது இதனால்தான். "காலையில சாப்பிடாம வந்திருப்பான்" என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். பட்டினியும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நன்றாகச் சாப்பிட்டு வந்த, கட்டுமஸ்தான போர்வீரர்களும் அணிவகுப்பில் அசையாமல் நின்று மயங்கி விழுகிறார்கள்.

இதைத் தடுப்பதுதான் கெண்டைக்கால் மோட்டாரின் வேலை. நடக்கும்போது கெண்டைத் தசை இறுகி, தன் ஊடே போகும் ஆழமான சிரைகளைப் பிழிகிறது. பிழிந்தால் ரத்தம் மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். கீழே போகாமல் தடுப்பவை சிரைக்குள் இருக்கும் வால்வுகள். இரண்டு மெல்லிய இதழ்கள், சட்டைப் பை போல, வாய் மேல்நோக்கித் திறந்தபடி. ரத்தம் மேலே போகும்போது சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கீழே சரிய முயன்றால் பை நிரம்பி, இரண்டு இதழும் நடுவில் முட்டி வழியை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு படி. நின்றபடி இருந்தால் பாதச் சிரையில் 90, 100 என்று இருக்கும் அழுத்தம், நடக்க ஆரம்பித்த சில எட்டுகளிலேயே 30-க்கும் கீழே இறங்கிவிடும். கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று மருத்துவர்கள் சொல்வதில் மிகை ஒன்றும் இல்லை.

இந்த வால்வுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. இத்தாலியின் பதுவா நகரில் உடற்கூறு கற்பித்த ஃபாப்ரீசியஸ் சிரைகளுக்குள் இந்தச் சின்னக் கதவுகளைப் பார்த்து, 1603-இல் அழகான படங்களோடு புத்தகமே போட்டார். கதவைப் பார்த்தாரே தவிர அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பதன் பொருள் அவருக்குப் பிடிபடவில்லை. அன்றைய நம்பிக்கை, கேலன் என்ற பழைய கிரேக்க மருத்துவர் வகுத்தது: சாப்பாட்டிலிருந்து கல்லீரல் ரத்தத்தை உண்டாக்குகிறது, அது சிரைகள் வழியாக உடம்பெங்கும் போய் அங்கேயே செலவாகிவிடுகிறது, வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் மாதிரி. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்த ஃபாப்ரீசியஸுக்கு வால்வு ஒரு மதகாகத் தெரிந்தது. ரத்தம் மொத்தமாகக் கைகால்களுக்கு ஓடிவிடாமல் வேகத்தைக் குறைக்கிறது என்று எழுதினார்.

அவரிடம் படித்த ஆங்கிலேய மாணவர் வில்லியம் ஹார்வி ஊருக்குப் போய் வேறு மாதிரி யோசித்தார். அவர் செய்தது ஒரு மளிகைக்கடைக் கணக்கு. இதயம் ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் தள்ளுகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் ஆயிரம் துடிப்பு என்றாலும் 500 அவுன்ஸ் ஆகிறது. உடம்பில் அவ்வளவு ரத்தமே கிடையாது. அரை மணிக்கு ஒருதரம் அவ்வளவு ரத்தத்தை உண்டாக்க யாராலும் சாப்பிடவும் முடியாது. அப்படியென்றால் அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. துடிப்பையும் அளவையும் அவர் மிகக் குறைத்து வைத்திருந்தார் என்பது வேறு விஷயம். உண்மையில் ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு, கிட்டத்தட்ட 5 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் ஒரு நிமிடத்தில் இதயத்தைக் கடந்துவிடுகிறது. குறைத்துப் போட்ட கணக்கே கேலனைக் கவிழ்த்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

1628-இல் ஹார்வியின் புத்தகம் வந்தது. அதில் ஓர் ஓட்டை இருந்தது: தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று அவரால் காட்ட முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத வழி இருந்தே ஆக வேண்டும் என்று மட்டும் நம்பினார். அவர் 1657-இல் இறந்தார். நான்கு வருடம் கழித்து, 1661-இல், மல்பீகி என்ற இத்தாலியர் நுண்ணோக்கியில் தவளையின் நுரையீரலைப் பார்த்தபோது அந்த வழி தெரிந்தது. அவைதான் தந்துகிகள். நுரையீரல் வழியாக ரத்தம் போவதை மட்டும் 13-ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-நஃபீஸ் என்ற அரபு மருத்துவர் எழுதிவிட்டார். இதயத்தின் நடுச்சுவரில் துளை கிடையாது, கேலன் சொன்னது தவறு என்று துணிந்து சொன்னவர். ஐரோப்பாவில் அவர் பெயர் பரவலாகத் தெரிந்தது 20-ஆம் நூற்றாண்டில்.

தந்துகியை வேகமாகக் கடந்துவிடுவோம், ரத்தம் அங்கே மெதுவாகத்தான் போகிறது என்றாலும். பெருந்தமனியில் விநாடிக்கு அடிக்கணக்கில் ஓடும் ரத்தம், தந்துகியில் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்கிறது. ஆறு ஆயிரம் வாய்க்காலாகப் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் தண்ணீர் தவழ்வது போல. சிவப்பணு தன் உடலை மடித்துக்கொண்டு நுழைய வேண்டிய அளவுக்கு அது சின்னது. ஆக்சிஜனும் சர்க்கரையும் கைமாறுவது அங்கேதான். இன்னொரு தவறான எண்ணம்: சிரை ரத்தம் ஆக்சிஜனே இல்லாதது, நீல நிறம் என்று. புத்தகத்தில் நீலத்தில் வரைவது அடையாளத்துக்கு. ஓய்வாக இருக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் முக்கால்வாசி ஆக்சிஜன் அப்படியே இருக்கும். எங்கள் இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் தெரியும். ஒன்று பளிச்சென்ற சிவப்பு, இன்னொன்று நாவல்பழச் சாறு மாதிரி அடர்ந்த சிவப்பு. நீலத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

தந்துகியிலிருந்து கசிகிற நீரில் ஒரு பகுதி நேரடியாக ரத்தத்துக்குத் திரும்பாது. அதை நிணநீர்க் குழாய்கள் பொறுக்கிக்கொண்டுபோய், கழுத்தடியில் உள்ள பெரிய சிரையில் சேர்க்கின்றன. தினமும் சில லிட்டர். அந்தக் குழாய்களில் ஃபைலேரியா புழு குடியேறிக் கெடுத்துவிட்டால் நீர் திரும்ப வழியில்லாமல் கால் வீங்கும், அதுதான் யானைக்கால். டெங்குவில் நடப்பது இன்னொரு வகை. தந்துகிகளின் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசிகிறது. ஊரே பிளேட்லெட் எண்ணிக்கையைப் பற்றிப் பேசும். மருத்துவர் கவலையோடு பார்ப்பது ரத்தம் கெட்டியாகிறதா, நாடி மெலிகிறதா என்பதை. அங்கும் பிரச்சினை பம்பில் இல்லை. பம்புக்கு வர வேண்டியது வரவில்லை.

இனி திரும்பும் வழியின் மேல்பாதி. வயிற்றிலிருந்து மார்புக்கு ரத்தத்தை ஏற்றுவதற்கு இன்னொரு மோட்டார் உண்டு: மூச்சு. மூச்சை இழுக்கும்போது, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசைத்திரையான உதரவிதானம் கீழே இறங்குகிறது. மார்புக்குள் அழுத்தம் குறைகிறது, வயிற்றுக்குள் கூடுகிறது. கீழே அமுக்கி மேலே உறிஞ்சினால் என்ன ஆகும்? கீழுடம்பின் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரையில் இருக்கும் ரத்தம் மார்புக்குள் ஏறுகிறது. நாம் தூங்கும்போதும் இது நடந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு நேர்மாறைப் பார்க்க வேண்டுமென்றால் கல்யாண வீட்டில் நாதஸ்வரம் வாசிப்பவரின் கழுத்தைப் பாருங்கள். நீளமான ஒரு பிடியைப் பிடிக்கும்போது கழுத்துச் சிரைகள் கயிறு போலப் புடைக்கும். சீவாளிக்குள் காற்றைச் செலுத்த அவர் மார்புக்குள் அழுத்தத்தை ஏற்றுகிறார்; தலையிலிருந்து இறங்கும் ரத்தம் வாசலில் காத்து நிற்கிறது. மூச்சு விட்டதும் புடைப்பு அடங்கும். பழகிய உடம்பு அவருக்கு. மலச்சிக்கலில் மூச்சை அடக்கி முக்குகிற வயதானவர்களுக்கு இதே விஷயம் ஆபத்தாகலாம். அந்தச் சில விநாடிகள் இதயத்துக்கு வரத்து குறைகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, கழிவறையிலேயே கண்ணைக் கட்டுகிறது.

வந்து சேர்ந்த ரத்தத்தை இதயம் என்ன செய்கிறது? வந்த அளவு எவ்வளவோ, அந்த அளவைத் தள்ளிவிடுகிறது. அதிகம் வந்தால் இதயத் தசை அதிகம் இழுபடும். அதிகம் இழுபட்ட தசை அதிக வலுவோடு சுருங்கும். யாரும் உத்தரவு போட வேண்டாம். ஜெர்மனியில் ஓட்டோ ஃபிராங்க் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும், இங்கிலாந்தில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இதைக் கண்டறிந்தார்கள். கேட்க எளிமையாக இருக்கும். இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதயம் உண்மையில் இரண்டு பம்ப். வலது பாதி நுரையீரலுக்கு, இடது பாதி உடம்புக்கு. வலது ஒவ்வொரு துடிப்புக்கும் இடதைவிட ஒரே ஒரு மில்லி கூடுதலாகத் தள்ளினால் நிமிடத்துக்கு 70 மில்லி, பத்து நிமிடத்தில் 700 மில்லி நுரையீரலில் தேங்கிவிடும். மனிதன் தன் ரத்தத்திலேயே மூழ்கிவிடுவான். அப்படி நடக்காததற்குக் காரணம், இடது பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தவுடனே அது கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிவிடுவதுதான். இடது பாதி நைந்துபோனவர்களுக்கு இந்தச் சமநிலை குலைகிறது. இரவில் படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார்களே, கால்பக்கம் இருந்த ரத்தம் படுத்தவுடன் மார்புக்கு வந்து சேருகிறது, நைந்த இதயத்தால் அதைத் தாண்டிவிட முடியவில்லை.

நரம்பு மண்டலத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. நீங்கள் படுக்கையிலிருந்து எழுந்தவுடன் ரத்தம் கால்பக்கம் சரிகிறது, அழுத்தம் ஒரு கணம் இறங்குகிறது, இவை மூளைக்குச் சொல்கின்றன. ஓரிரு விநாடியில் இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது, தமனிகளும் சிரைகளும் இறுகுகின்றன. இந்த ஏற்பாடு வயதானால் மந்தமாகும். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், சில பிரஷர் மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் கூட. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் (120/80-இல் அந்த 120) 20-க்கு மேல் இறங்கினால் மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், விடிகாலையில் படக்கென்று எழ வேண்டாம், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தை நாலுதரம் மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள். அந்த ஆட்டம் கெண்டைக்கால் பம்பை ஓட்டுவதற்காக. மாத்திரையை மட்டும் தாமாக நிறுத்தக் கூடாது.

மயங்கி விழுந்தவரை நம் ஊரில் என்ன செய்கிறோம்? நாலு பேர் சேர்ந்து தூக்கி உட்காரவைத்து, முகத்தில் சோடா அடித்து, வாயில் தண்ணீர் ஊற்றுவோம். மூன்றுமே தப்பு. விழுந்ததே ஒருவகையில் உடம்பு தானே செய்துகொண்ட வைத்தியம், படுத்துவிட்டால் கால் ரத்தம் இதயத்துக்கு வந்துவிடும். அவரைத் தூக்கி நிமிர்த்தினால் அந்த ரத்தத்தை மறுபடி கீழே அனுப்புகிறீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சு விடுகிறாரா என்று பார்த்து, காலை ஓர் அடி உயர்த்திப் பிடித்தால் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் கண் விழிப்பார். விழிக்கவில்லை என்றால், அல்லது மார்பு வலி இருந்தது, வலிப்பு வந்தது என்றால், அது வேறு கதை, உடனே 108. நிறைமாதக் கர்ப்பிணி என்றால் மல்லாக்க வேண்டாம், இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். கர்ப்பப்பையின் பாரம் முதுகெலும்புக்கு வலப்பக்கம் ஓடும் கீழ்ப்பெருஞ்சிரையை அமுக்கி வரத்தை அடைத்துவிடும்.

வால்வுகள் பழுதானால் என்ன ஆகும் என்பதை ஜவுளிக்கடை விற்பனைப் பெண்களின் காலில் பார்க்கலாம். பத்து மணி நேரம் நின்றபடி வேலை. நடந்தால்கூடப் பரவாயில்லை, கவுண்டருக்குப் பின்னால் நிற்க வேண்டும். கால் சிரைகள் நாள் முழுக்க விரிந்தே இருந்தால், சிரையின் சுற்றளவு கூடி, வால்வின் இரண்டு இதழும் ஒன்றையொன்று எட்டாமல் போகும். ஒரு வால்வு ஒழுகினால் அதற்குக் கீழே உள்ள வால்வின்மேல் பாரம் ஏறும், பிறகு அதுவும் ஒழுகும். தோலுக்கடியில் சிரை நெளிந்து முடிச்சு முடிச்சாகத் தெரியும். மருத்துவமனையில் வெரிகோஸ் என்பார்கள், ஊரில் "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பார்கள். பரம்பரையும் பிள்ளைப்பேறும் இதில் சேரும், நிற்பது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் 2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியபோது, இதில் சட்டம் எதற்கு என்று சிரித்தவர்களிடம் நான் இந்த வால்வுக் கதையைத்தான் சொன்னேன்.

"நரம்பு" என்ற சொல் படுத்தும் பாட்டையும் சொல்லியாக வேண்டும். ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கல" என்கிறோம், அது சிரை. கால் மரத்தால் "நரம்புத் தளர்ச்சி" என்கிறோம், அது உணர்வு நரம்பு. ஆகவே காலில் சிரை புடைத்தவர் நரம்பு டாக்டரைத் தேடிப் போய் உட்கார்ந்திருப்பார். அவர் பார்க்க வேண்டியது ரத்தக்குழாய் நிபுணரை. மகளுக்குப் புத்தகத்தில் சிரை என்ற சொல் வரும்போது, பாட்டி சொல்லும் நரம்பு பெரும்பாலும் இதுதான் என்று சொல்லிவையுங்கள்.

கடைசியாக, அவளே செய்து பார்க்கக் கூடிய ஒன்று. ஹார்வி தன் புத்தகத்தில் படம் போட்டுக் காட்டிய சோதனை இது. ஒரு ரூபாய் செலவில்லை. மெலிந்த கை உள்ள ஒருவர் வேண்டும், தாத்தா கை நல்லது. முழங்கைக்கு மேலே ஒரு துண்டை லேசாகக் கட்டுங்கள், மணிக்கட்டில் நாடி தெரிய வேண்டும், அவ்வளவு தளர்வாக. முன்கையில் சிரைகள் எழும்பும், ஆங்காங்கே சின்ன முடிச்சு தெரியும். அந்த முடிச்சுதான் வால்வு இருக்கும் இடம். ஒரு முடிச்சுக்குக் கீழே, மணிக்கட்டுப் பக்கமாக, சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கையை நோக்கி, முடிச்சைத் தாண்டும் வரை சிரையை வழித்துவிட்டு, மேல் விரலை எடுக்கச் சொல்லுங்கள். வழித்த ரத்தம் முடிச்சுவரை திரும்பி வந்து நின்றுவிடும். முடிச்சுக்கும் கீழ் விரலுக்கும் இடையில் சிரை தட்டையாகக் காலியாகக் கிடக்கும். கீழ் விரலை எடுத்ததும் கைவிரல்களின் பக்கமிருந்து குபுக்கென்று நிரம்பும். முடிந்ததும் துண்டை அவிழ்த்துவிடுங்கள், தாத்தாவுக்குக் கை மரத்துப்போகும்.